மீட்டருக்குத் தண்ணி காட்டினேன்

இனிமேல் இந்த வீட்டில் என் அனுமதி இல்லாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் ஓடக் கூடாது என்ற மாபெரும் முடிவை நான் எடுத்தபோது ஷவருக்கு அடியில் நின்றுகொண்டிருந்தேன். அரை மணி நேரமாக.

எனக்கு முடிவுகள் அங்கேதான் வரும். ஆபீசில் மேலாளர் முடிவெடுப்பார். வீட்டில் மனைவி எடுப்பாள். எனக்கென்று மிச்சம் இருப்பது ஷவர் ஒன்றுதான். அங்கே நான் பாடுவேன். மேலாளரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பேன். அவர் பதில் சொல்ல முடியாமல் தவிப்பதைக் கண்ணை மூடி ரசிப்பேன். அதற்கெல்லாம் நேரம் ஆகுமா, ஆகாதா?

இத்தனை நாள் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. குளித்தாலும் குளிக்காவிட்டாலும் தண்ணீருக்கு மாதம் ஒரே கட்டணம்தான். போன வாரம் இரண்டு ஆட்கள் வந்தார்கள். வாசல் கேட் பக்கத்தில் குழி தோண்டி, குழாயை வெட்டி, நடுவில் ஒரு மீட்டரை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். வட்டக் கண்ணாடி. உள்ளே எண்கள். அதன் ஓரத்தில் பொடியாக ஒரு சிவப்புச் சக்கரம். தண்ணீர் ஓடினால் அது சுற்றும். இனி ஓடுகிற அளவுக்குத்தான் கட்டணம்.

துண்டோடு வெளியே வந்து முடிவை அறிவித்தேன். மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"முதல்ல அந்த ஷவரைக் கழட்டுங்க. ஒரு பக்கெட், ஒரு மக்கு. போதும்."

"ஷவரா! இந்த வீட்டுத் தண்ணியெல்லாம் எங்க போகுதுன்னு உனக்குத் தெரியுமா? சமையலறைக்கு! ஒரு டம்ளரைக் கழுவ ஒரு குடம் தண்ணி ஊத்தற."

"அப்படியா?"

"பின்னே? துணிக்கு ஒரு ஆறு. தரைக்கு ஒரு ஏரி. நானா இருந்தா இதுல பாதித் தண்ணியில எல்லா வேலையையும் முடிச்சிருப்பேன்."

கத்தி நின்றது. அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம்.

"பாதியிலயா?"

"பாதிக்கும் கீழே!"

"சரிங்க. ஒரு வாரம் நீங்க எல்லாத் தண்ணி வேலையும் பாருங்க. அடுத்த வாரம் நான் பாக்கறேன். மீட்டர் சொல்லட்டும். நான் ஜெயிச்சா ஷவர் போயிடும். நீங்க ஜெயிச்சா?"

"என் ஷவரைப் பத்தி யாரும் மூச்சு விடக் கூடாது. அதோட இந்த வீட்டுத் தண்ணி நிர்வாகம் மொத்தமும் என் கைக்கு வந்துடணும்!"

"மொத்தமுமா?"

"மொத்தமும்!"

"பேச்சு மாறக் கூடாது."

"நான் எப்பவாவது மாறியிருக்கேனா?"

அவள் சிரித்தாள். எங்களுக்குத் திருமணமாகிப் பல வருஷம் ஆகிறது. அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நடுவராக எதிர்வீட்டு ஸ்டேஷன் மாஸ்டரை அழைத்தோம். ஓய்வுபெற்று வெகுநாளாகிவிட்டது. குரல் மட்டும் இன்னும் பிளாட்பாரத்திலேயே நிற்கிறது. குனிந்து மீட்டரைப் படித்து, தெருவுக்கே கேட்கும்படி எண்ணை அறிவித்தார். தெருக்கோடியில் போன ஒருவர் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துத் திரும்பி வந்தார்.

போட்டி தொடங்கியது. சமையலறைக் குழாயை இறுக்கி மூடினேன். தோட்டக் குழாயை மூடினேன். வெற்றியை ரசிப்பதற்காக மீட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

சிவப்புச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. மெதுவாக, ஆனால் நிற்காமல்.

வீடு முழுக்கச் சுவரில் காதை வைத்துக்கொண்டு அலைந்தேன். கடைசியில் மாடிக்குப் போனேன். அங்கே விருந்தாளிகளுக்கென்று ஒரு கழிவறை இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு மச்சான் வந்தால் உண்டு. அங்கே ஃபிளஷ் டேங்கிலிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் கசிந்துகொண்டிருந்தது.

உடனே ஞாபகம் வந்தது. "மாடியில டேங்க் ஒழுகுது, பிளம்பரைக் கூப்பிடுங்க" என்று இவள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். "எவ்வளவு ஓடினாலும் ஒரே கட்டணம்தானே, ஓடட்டும் விடு" என்று நானும் அத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

நல்ல மனிதனாக இருந்தால் பிளம்பரைக் கூப்பிட்டிருப்பான். நான் யோசித்தேன். ஒழுகலைச் சரி செய்தால் இரண்டு வாரமும் நிற்கும். எனக்கு என்ன லாபம்? என் வாரத்தில் மட்டும் நின்று, அவள் வாரத்தில் ஓடினால்?

டேங்குக்குக் கீழே சின்னதாக ஒரு வால்வு. துருப்பிடித்துக் கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன். 'கீய்ச்' என்று ஒரு கத்தல். மூடிக்கொண்டது. ஓடிப்போய் மீட்டரைப் பார்த்தேன். சக்கரம் அசையவில்லை. என் மூளையை நானே தட்டிக்கொடுக்க முடியாததால் தலையைத் தட்டிக்கொண்டேன்.

அந்த வாரம் நான் உழைத்த உழைப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வால்வு இருக்கிறதே என்று அசட்டையாக இருக்கவில்லை. ஒரு பேசினில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் நல்ல தண்ணீர். முதலில் டம்ளர்கள், பிறகு தட்டுகள், எண்ணெய் வாணலி கடைசியில். காய் கழுவிய தண்ணீரில் தரை துடைத்தேன். துணி அலசிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றினேன். செம்பருத்தி இரண்டு நாள் நுரை தள்ளிக்கொண்டு நின்றது. இடுப்பு ஒடிந்தது. விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போனது. ஆனாலும் விடவில்லை. எனக்கு ஷவர் முக்கியம்.

மனைவி ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்து பத்திரிகை படித்தாள்.

"வாணலியை இவ்வளவு பளபளப்பா நான்கூடத் தேய்ச்சதில்லைங்க."

"திறமை!" என்றேன்.

"தரை கண்ணாடி மாதிரி இருக்கு."

"இதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு."

"ஆமாங்க, பாத்தாலே தெரியுது."

வாரம் முடிந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் வந்து எண்ணை அறிவித்த கையோடு மாடிக்கு ஓடி வால்வைத் திறந்துவிட்டேன். மறுபடியும் 'கீய்ச்'. டேங்க் கசியத் தொடங்கியது. இவ்வளவு இனிமையான சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அடுத்து அவள் வாரம். அவள் சிக்கனம் பிடிப்பாள், பல்லைக் கடித்துக்கொண்டு போராடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ ஜன்னல் திரைகளை எல்லாம் கழற்றித் துவைத்தாள். வாசலுக்குத் தாராளமாகத் தண்ணீர் தெளித்தாள். குழாயைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டம்மாவோடு பேசப் போனாள்.

"குழாய் ஓடுது பாரு," என்றேன், மனசாட்சி உறுத்தியதால்.

"ஓடட்டும் விடுங்க," என்றாள்.

பாவம், இவளுக்குப் போட்டி என்றால் என்னவென்றே தெரியவில்லை என்று இரக்கப்பட்டேன்.

தீர்ப்பு நாள். மீட்டர் முன்னால் ஸ்டேஷன் மாஸ்டர் குனிந்தார். நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"அம்மாவோட வாரத்துல ஓடினதுல பாதிகூட ஐயாவோட வாரத்துல ஓடலை! ஐயாவுக்கே வெற்றி!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். வாசல் கேட்டின் கைப்பிடியையும் பிடித்துக் குலுக்கினேன். மனைவி மெல்ல என் பக்கம் வந்தாள். முகத்தில் துளிகூட வருத்தம் இல்லை.

"ஒத்துக்கறேங்க. நான் தோத்துட்டேன். உங்க ஷவரை இனி யாரும் தொட மாட்டாங்க."

"அது!"

"பாத்திரமும் துணியும் உங்க கையில பாதித் தண்ணியிலயே முடிஞ்சுடுது. தண்ணி நிர்வாகம் மொத்தமும் உங்களோடதுதான். சார் சாட்சி."

"நிர்வாகம்னா..."

அவள் இடுப்பிலிருந்த ஏப்ரனை அவிழ்த்து என் கழுத்தில் மாலை போலப் போட்டாள். ஸ்க்ரப்பரைக் கையில் கொடுத்தாள்.

"இதுதாங்க. என் கையில விட்டா தண்ணி வீணாப் போகுதுன்னு நிரூபிச்சுட்டீங்களே. இனிமே நான் சிங்க் பக்கமே வர மாட்டேன்."

ஸ்டேஷன் மாஸ்டர் கைதட்டினார். நான் திருதிருவென்று முழித்தேன். உண்மையைச் சொல்லிவிடலாமா? "நான் திறமைசாலி இல்லை, வால்வை மூடிய திருடன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாத்திரம் போய்விடும். கூடவே ஷவரும் போய்விடும், மானமும் போய்விடும். வாயை மூடிக்கொண்டு ஏப்ரனின் முடிச்சைப் பின்னால் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் நான் சிங்க் முன்னால் நிற்கும்போது மாடியிலிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. சத்தம் நின்றதும் எட்டிப் பார்த்தேன். மனைவி பிளம்பரை வழியனுப்பிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு பிளம்பர்?" என்று கேட்டேன்.

"மாடி டேங்க் ஒழுகலைச் சரி பண்ணத்தாங்க. அப்படியே வால்வுக்கு எண்ணெயும் போடச் சொன்னேன். திருகினா கீய்ச்னு கத்துது. குழாய் வழியா சமையலறைச் சுவர் வரைக்கும் கேக்குது. உங்க வாரம் ஆரம்பிக்கும்போது ஒரு தடவை கத்திச்சு. முடியும்போது ஒரு தடவை."

கையிலிருந்த தட்டு நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"அப்போ... உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியுமே."

"அடிப்பாவி! அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீங்க தோத்துப் போயிருப்பீங்களே!" என்றாள் அவள், என் மேல் இருந்த அக்கறையில் குரல் நெகிழ. "அந்தத் தட்டுல இன்னும் நுரை இருக்கு பாருங்க."

அலசினேன். பாதித் தண்ணீரில்.