ஒரத்தநாட்டு ஐஸ் ஹாக்கி

பனிக்கட்டி மேல் விளையாடும் ஹாக்கியை நெல் விவசாயத்தின் ஒரு கிளையாகப் பார்த்தவர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் ஒரத்தநாட்டில் என் வீட்டுக்காரம்மா. வீட்டுக்காரம்மா என்றதும் என் மனைவி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியாராக நான் அங்கே இருந்த மூன்று வருஷமும் குடியிருந்த மாடி வீட்டுக்குச் சொந்தக்காரர். கீழே அவரும் அவர் கணவரும். பின்னால் மாட்டுக்கொட்டகை. ஊருக்கு வெளியே நாலு ஏக்கர் நஞ்சை. தெருவில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் 'ரெண்டு நிமிஷம் அக்கா'.

அந்தப் பேர் எப்படி வந்தது என்பதற்கு முன்னால், அந்த அக்காவுக்கு ஹாக்கி எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் ஒரே மகன் கனடாவில் வேலை. போன முதல் குளிர்காலத்திலேயே வாசல் பனியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டான். கல்யாணமாகாத பிள்ளை, சமைத்துப் போட ஆளில்லை. அக்கா தஞ்சாவூரைத் தாண்டித் தனியாகப் போனதில்லை. புளி, மிளகாய்த்தூள், இட்லித் தட்டு சகிதம் விமானம் ஏறிவிட்டார்.

போன இடத்தில் வெளியே இறங்க முடியாது. கதவைத் திறந்தால் இடுப்பளவு பனி. மகன் மாவுக்கட்டோடு சோபாவில் கிடந்தபடி சாயங்காலமானால் டிவியில் ஐஸ் ஹாக்கி போடுவான். முதல் நாள் அக்கா அதை விளையாட்டு என்றே நினைக்கவில்லையாம். இருபது இருபத்தஞ்சு வயசுப் பையன்கள் கையில் கட்டையோடு ஒருத்தனை ஒருத்தன் சுவரில் வைத்து நசுக்குகிறார்கள். என்னடா தம்பி, வாய்க்கால் தகராறா என்று மகனைக் கேட்டிருக்கிறார்.

பக்கத்து வீட்டில் தனியாக ஒரு வெள்ளைக்காரப் பாட்டியம்மா. சனிக்கிழமை சாயங்காலமானால் ஒரு கேக்கைத் தூக்கிக்கொண்டு இவர்கள் வீட்டுக்கு மேட்ச் பார்க்க வந்துவிடும். அதற்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் கோல் விழுந்தால் ரெண்டு பேரும் கட்டிக்கொள்வார்கள். மூன்றே மாசத்தில் அக்காவுக்கு ஆட்டத்தின் சட்டம் முழுக்க அத்துப்படி.

"சனிக்கிழமை சாயங்காலம் அந்த நாட்டுல ஈ காக்கா ரோட்டுல இருக்காது சார். கோயில்ல குருக்கள் தீபாராதனைய சட்டுபுட்டுனு முடிச்சிட்டு ஓடறாரு. முன்பல்லு இல்லாத பையனுக்குத்தான் அங்க மதிப்பு. ஹாக்கி ஆடறவன்னு அர்த்தம்" என்று எனக்கு விளக்கியிருக்கிறார். குருக்கள் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

மகன் கால் சரியாகி அக்கா ஊர் திரும்பியபோது, சாக்லேட்டும் சென்ட் பாட்டிலும் எதிர்பார்த்துத் தெருவே காத்திருந்தது. பெட்டியைத் திறந்து அவர் எடுத்தது உள்ளங்கை அகலத்தில் கெட்டியான கறுப்பு ரப்பர் வட்டு ஒன்று. இதைத்தான் அங்கே கட்டையால் அடித்து விரட்டுகிறார்கள் என்றார். எதிர்வீட்டு அம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மோட்டார் பம்புக்கு வாஷர் வாங்கி வந்திருக்கிறார் போல என்று சொல்லிவிட்டுப் போனார்.

கனடாவில் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் நமக்கு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. மகன் அங்கிருந்தே போனில் ஏதோ செய்து இங்கே டிவியில் மேட்ச் வர வழி பண்ணிக் கொடுத்துவிட்டான். ஐந்தரைக்கு ஆரம்பித்தால் எட்டு மணி வரைக்கும் போகும். வயலுக்குப் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு அக்காவின் வர்ணனை உண்டு. எல்லை தாண்டினால் 'வரப்பு தாண்டிட்டான்'. கோல் காப்பவன் 'களத்துமேட்டுக் காவக்காரன்'. ஆட்டத்தின் இடைவேளையில் ஒரு வண்டி வந்து பனியைச் சீராக இழைத்துக்கொண்டு போகும். அது வந்தால் அக்கா எழுந்து நின்றே பார்ப்பார். "பரம்படிக்கிறான் பாருங்க சார். ஒரு மேடு பள்ளம் இருக்கா? நம்ம ஆளுங்க இப்படி அடிச்சா நாத்து எப்படி நிக்கும்" என்பார்.

இப்போது அந்தப் பேருக்கு வருகிறேன். இந்த ஆட்டத்தில் தப்பு செய்தவனை ரெண்டு நிமிஷம் ஒரு கூண்டுக்குள் உட்கார வைப்பார்கள். பெரிய தப்பு என்றால் அஞ்சு நிமிஷம். அக்காவுக்கு அந்த நாட்டிலேயே ரொம்பப் பிடித்த சட்டம் இதுதான். ஒரு நாள் மேல்வயல்காரரும் கீழ்வயல்காரரும் மடையை யார் அடைத்தது என்று தெருவில் நின்று வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்கள். அக்கா உள்ளேயிருந்து ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். ரெண்டு பேரும் ரெண்டு நிமிஷம் வாயைத் திறக்காமல் உட்காரணும் என்றார். என்னவோ அவர் குரலுக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ரெண்டு நிமிஷம் முடிந்தபோது கீழ்வயல்காரருக்குத் தான் என்ன சொல்ல வந்தோம் என்பதே மறந்துபோயிருந்தது. மேல்வயல்காரர் காபி கேட்டார்.

அதற்கப்புறம் இந்தத் தண்டனை தெருவையே பிடித்துக்கொண்டது. பால்காரர், கேஸ் சிலிண்டர் போடுபவர், மாடியில் ராத்திரி செருப்போடு நடந்த நான் என்று எல்லாரும் உட்கார்ந்தோம். பால் சொசைட்டியில் செயலாளராக இருந்த அக்காவின் கணவர், ரசத்தில் உப்பு போதவில்லை என்று சொன்னதற்கு அஞ்சு நிமிஷம் உட்கார்ந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர் பரம சாது. நாற்காலியில் உட்கார்ந்தபடி பேப்பர் படித்தார்.

அக்காவுக்கு ஊரில் ஒரே எதிரி, தெருக்கோடியில் இருந்த மாட்டு டாக்டர். கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மகள் அமெரிக்காவில், தென்னை மரம் நிற்கிற ஏதோ ஒரு கடற்கரை ஊரில் இருந்தாள். அமெரிக்காவில் இந்த ஆட்டத்தை யாருமே சீந்துவதில்லை என்று அவர் ஒரு நாள் வந்து அறிவித்தார். மகளைப் போனில் விசாரித்தாராம். அவள் ஆபீசில் கேட்டுப் பார்த்தாளாம். டிவியில் பார்க்க அங்கே வேறு மூன்று நாலு ஆட்டம் இருக்கிறதாம், இதற்கு யாருக்கும் நேரமில்லையாம்.

அக்கா விடவில்லை. அமெரிக்காவிலும் வடக்கே குளிர் ஊர்களில் விழுந்து விழுந்துதான் பார்க்கிறார்கள், உங்கள் பெண் உஷ்ணப் பிரதேசத்தில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறாள் என்றார். டாக்டர் உடனே தடம் மாறினார். எங்கள் நாட்டில் நூற்றில் பன்னிரண்டு பேர் பார்த்தால்கூட உங்கள் நாட்டு மொத்த ஜனத்தொகைக்குச் சமம் என்றார். எங்கள் நாட்டில் குழந்தை பிறந்ததும் முதலில் கட்டையைத்தான் பிடிக்கும் என்றார் அக்கா. எங்கள் நாடு, உங்கள் நாடு என்று மோதிக்கொண்ட ரெண்டு பேருக்கும் ஒரே ரேஷன் கடையில்தான் கார்டு.

கணக்கு வாத்தியார் என்பதால் என்னைத் தீர்ப்பு சொல்லச் சொன்னார்கள். பத்து வீட்டில் எத்தனை வீடு பார்க்கிறது என்பது ஒரு கணக்கு, மொத்தம் எத்தனை தலை பார்க்கிறது என்பது வேறு கணக்கு, ஆகவே ரெண்டு பேர் சொல்வதும் சரிதான் என்றேன். அன்றைக்கு எனக்கு எந்த வீட்டிலிருந்தும் காபி வரவில்லை.

அக்காவோடு சண்டை போடுவதற்காகவே டாக்டர் ஞாயிறு தவறாமல் மேட்ச் பார்க்க வர ஆரம்பித்தார். விதி பாருங்கள், அந்த வருஷம் கோப்பைக்கான கடைசிச் சுற்றில் அக்காவின் கனடா டீமோடு மோதியது டாக்டர் மகள் ஊர் டீம். அக்காவால் இதைத் தாங்க முடியவில்லை. தென்னை மரம் முளைக்கிற ஊருக்கு ஐஸ் ஹாக்கி எதற்கு, நாளைக்கு அதிராம்பட்டினத்திலும் ஒரு டீம் வைப்பார்களா என்று பொருமினார். ஏழு மேட்சில் ஆறு முடிந்து, ஆளுக்கு மூன்று ஜெயித்துச் சமமாக நின்றார்கள். ஏழாவது மேட்ச் நமக்கு ஒரு திங்கட்கிழமை விடியற்காலை. ஜூன் மாசம். குறுவைக்கு நாற்று விட்டிருந்த நேரம்.

அக்கா நாலு மணிக்கே தலைக்குக் குளித்து, டிவிக்கும் சேர்த்துச் சூடம் காட்டினார். நானும் டாக்டரும் தரையில் உட்கார்ந்தோம். கடைசிக் கட்டத்தில் ஆளுக்கு ரெண்டு கோல். இன்னும் கால் மணி நேரம் இருந்தால் அதிகம். அப்போது அக்காவின் கணவர் கொல்லைப்புறத்திலிருந்து வந்து நின்றார்.

"இந்தாம்மா, செவலை ஒரு மாதிரியா இருக்கு. ஒரு கால் மட்டும் வெளிய தெரியுது. ரொம்ப நேரமா முக்குது."

செவலை, கொட்டகையில் நின்ற சினைப் பசு. அதற்கு இது தலைச்சன் கன்று. அக்கா டிவியைப் பார்க்கவே இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார். அவருக்கு முன்னால் டாக்டர் எழுந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். எனக்கு வெந்நீர், சோப்பு, விளக்கெண்ணெய், கயிறு என்று உத்தரவு. கணவருக்கு ரத்தம் பார்த்தால் மயக்கம் வரும். "நீங்க டிவி முன்னாடியே நில்லுங்க. என்ன நடக்குதுன்னு வந்து சொல்லுங்க" என்றார் அக்கா.

கன்றின் இன்னொரு முன்னங்கால் உள்ளே மடங்கியிருந்தது. டாக்டர் முழங்கைக்கு மேல் கையை விட்டு, கன்றை மெல்ல உள்ளே தள்ளி அந்தக் காலை நேராக்கப் பார்த்தார். அறுபத்தைந்து வயசு மனுஷனுக்கு வியர்வை கொட்டியது. அக்கா செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அதன் காதில் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். மாடு முனகும்போதெல்லாம் அவர் உதட்டைக் கடித்தார்.

கொட்டகை வாசலில் கணவர் முதுகைக் காட்டியபடி வந்து நின்றார். "கறுப்பா ஏதோ ஓடுது. எல்லாரும் அது பின்னாடியே ஓடறாங்க."

"யாருகிட்ட இருக்கு? கனடாவா, அமெரிக்காவா?"

"ரெண்டும் வெள்ளைக்காரங்கதாம்மா. எனக்கு எப்படித் தெரியும்?"

அவரைத் திருப்பி அனுப்பினார் அக்கா. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கையாலேயே தேடினார். திடீரென்று அவர் முகம் மாறியது. கிடைச்சிருச்சு என்று முணுமுணுத்தார். ரெண்டு காலிலும் கயிறு போட்டு, மாடு முக்கும்போது மட்டும் நானும் அக்காவும் இழுத்தோம். கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. அசையவில்லை. டாக்டர் அதன் வாயிலும் மூக்கிலும் இருந்த கோழையை வழித்தார். அக்கா சாக்கை எடுத்து அதன் விலாவைத் தேய் தேய் என்று தேய்த்தார். டாக்டர் ஒரு வைக்கோலை எடுத்து மூக்குக்குள் விட்டுச் சீண்டினார். கன்று தும்மியது. பிறகு தலையை ஆட்டியது. செவலை திரும்பி அதை நக்க ஆரம்பித்தது.

அதே நேரம் கணவர் மறுபடியும் வந்தார். முடிந்துவிட்டது, எல்லாரும் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள் என்றார். யார் என்று அக்கா கேட்டார். டிவியில் தென்னை மரம் காட்டுகிறார்கள், அந்த ஊர்தான் என்று நினைக்கிறேன் என்றார் அவர்.

அக்கா உள்ளே போனார். நாங்களும் பின்னால் போனோம். டாக்டர் கொண்டாடப் போகிறார் என்று நான் பயந்தேன். மூன்று மாசமாக அவர் காத்திருந்த நாள் அது. அவர் கையைக்கூடக் கழுவாமல் டிவியையே பார்த்துக்கொண்டு நின்றார். திரையில் ரெண்டு டீமும் வரிசையாக நின்று, ஒவ்வொருத்தனும் எதிரில் வருகிற ஒவ்வொருத்தனுக்கும் கை கொடுத்துக்கொண்டு போனான். தோற்றவர்களில் சிலர் அழுதபடியே கொடுத்தார்கள்.

இது எதற்கு என்று டாக்டர் கேட்டார்.

"கடைசி மேட்ச் முடிஞ்சா இப்படித்தான் டாக்டர். அதுவரைக்கும் எவ்வளவு அடிச்சுக்கிட்டாலும் சரி, வரிசையில நின்னு கை குடுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவாங்க" என்றார் அக்கா.

டாக்டர் முழங்கைக்கு மேல் வரை ரத்தமும் எண்ணெயுமாக இருந்த வலது கையை அக்காவுக்கு முன்னால் நீட்டினார். அந்தத் தெருவில் ஒரு ஆம்பளை ஒரு பொம்பளைக்குக் கை கொடுத்து நான் பார்த்ததில்லை. அக்கா தன் கையைப் புடவையில் துடைத்தார். துடைத்தும் பிரயோஜனமில்லை. அப்படியே அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்ததாகக் கணவருக்குக் கொடுத்தார். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே வாங்கிக்கொண்டார். அப்புறம் அக்கா என் முன்னால் வந்து நின்றார்.

நான் எந்தப் பக்கமும் இல்லையே அக்கா என்றேன்.

"தெரியும் சார். குடுங்க" என்றார்.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. மாடிக்கு வந்து, குழாயைத் திறந்து வைத்துவிட்டு, அந்தக் கையைக் கழுவ மனசு வராமல் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தேன்.