கொள்ளேகாலம் போகலாமா, வேண்டாமா?

மைசூரில் வாழும் மனித வகைகளில் ஒன்றை உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிறேன். பயப்படாதீர்கள், கடிக்காது. கடிக்கலாமா வேண்டாமா என்று அது முடிவு செய்வதற்குள் நீங்கள் வீடு போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, தூங்கியும் எழுந்துவிடலாம். பார்ப்பதற்கு நம்மைப் போலவேதான் இருக்கும். சட்டை போடும், வெற்றிலை போடும், ஓட்டலில் காபியை ஆற்றி ஆற்றிக் குடிக்கும். ஆனால் அதனிடம் போய், "இந்த ஊரைவிட்டு ஒரு சின்ன ஊருக்குக் குடிபோகிறீர்களா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். கண்ணைப் பாதி மூடும். மோவாயைத் தடவும். "நாலு பேரைக் கேக்கணும்" என்று சொல்லும். அந்த நாலு பேர் நாற்பது பேராகி, நானூறு பேராகி, ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்தவர்கூட இத்தனை வாசல் ஏறியிருக்க மாட்டார் என்கிற அளவுக்குப் போகும்.

மாதிரிக்கு ஒருவரைப் பார்ப்போம். தேவநேசன். கோர்ட்டு வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது தொழில். தேவராஜ மொஹல்லா என்கிற பேட்டையில் அண்ணன் மரியராஜ் வீட்டுப் பின்கட்டில் ஒற்றை அறையில் வாசம். மனைவி ஜேன், பிரசவம் பார்க்கும் நர்ஸ். ஆஸ்பத்திரியில் பகலெல்லாம் ஊர்ப் பிள்ளைகளைப் பூமிக்கு இறக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து, ஓரகத்தி அடுப்பை எப்போது விடுவாள் என்று அரிசியைக் களைந்து வைத்துக்கொண்டு காத்திருப்பவள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். பதினோரு வருஷமும் அந்த அரிசி ஊறிக்கொண்டிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் ஜூன் மாதத்தில் ஜேனுக்கு ஒரு கடிதம் வந்தது. கொள்ளேகாலத்தில் புதிதாகத் திறக்கப்போகும் பிரசவ ஆஸ்பத்திரிக்குத் தலைமை நர்ஸ் வேலை. கூடவே இரண்டு அறை, தனிச் சமையலறை, கிணற்றோடு ஒரு வீடு. நவம்பரில் சேர வேண்டும். சம்மதமா என்று ஒரு மாதத்துக்குள் எழுத வேண்டும். ஜேன் அந்தச் சமையலறை வரியை மட்டும் மூன்று தடவை படித்தாள்.

"போலாங்க. உங்களுக்கும் அங்க கோர்ட்டு இருக்கு" என்றாள்.

உண்மைதானே? மனு எழுதுகிறவனுக்கு எந்த ஊர்க் கோர்ட்டு மரமும் நிழல்தானே தரும்? ஆனால் தேவநேசன் கண்ணைப் பாதி மூடினார்.

"ஜேனு, அவசரப்பட்டுப் பதில் எழுதிடாதே. நான் நல்லா விசாரிச்சுட்டுச் சொல்றேன். ஒரு மாசம்னு எழுதினா ஒரு வருஷம்னு அர்த்தம். எத்தன மனு எழுதியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

ஜேன் அதற்குமேல் பேசவில்லை. அன்று மட்டுமல்ல, மறுநாளும், மறுவாரமும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நம் பேச்சுக்கு வீட்டில் என்ன மரியாதை என்று தேவநேசன் பூரித்துப் போனார்.

விசாரணை தொடங்கியது. கொள்ளேகாலத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள யாரைக் கேட்க வேண்டும்? கொள்ளேகாலத்தில் இருக்கிறவர்களை என்று நீங்களும் நானும் சொல்வோம். நம் அறிவு அவ்வளவுதான். தேவநேசன் நேராக மண்டி மொஹல்லாவுக்குப் போய், கொள்ளேகாலத்தைவிட்டு ஓடி வந்தவர்களாகப் பார்த்துத் தேடிப் பிடித்தார்.

முதலில் புளி மண்டி சென்னப்பன். அண்ணன் தம்பிகளோடு நிலத் தகராறில் தோற்று, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மைசூருக்கு வந்தவர்.

"அந்த ஊருக்காங்க? வேண்டாமுங்க. அங்க மனுசங்களே இல்லீங்க. கூடப் பொறந்தவனே களுத்த அறுப்பானுங்க!"

"ஹௌதா? அப்படியா?" என்று தேவநேசன் அதை மனத்தில் குறித்துக்கொண்டார். தமக்கு அந்த ஊரில் கூடப் பிறந்தவர் யாரும் இல்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்து, மூட்டை தூக்கும் ஜடையன். மாமியாருக்குப் பயந்து கொள்ளேகாலத்திலிருந்து நடந்தே வந்து சேர்ந்தவன்.

"பகல்லயே பேய் நடமாடுற ஊருங்க சாமி" என்றான் அவன். எந்தப் பேய் என்று தேவநேசன் கேட்கவில்லை. கொள்ளேகாலம் என்றாலே மந்திரம், மாயம், செய்வினை என்று ஊரெல்லாம் பேசுகிறதே! அவர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற விசுவாசி. அதையெல்லாம் துளியும் நம்பமாட்டார். இருந்தாலும் எதற்கு வம்பு?

பூ விற்கும் மாதேவியும் அந்தப் பக்கத்துக்காரிதான். "நல்ல ஊருங்க. என்ற அக்கா இன்னும் அங்கதான் இருக்குது. புள்ளைங்க படிப்புக்காவ வந்தேன். இல்லீன்னா வந்திருக்கவே மாட்டனுங்க" என்றாள். பொம்பளைப் பேச்சு என்று அதைத் தள்ளிவிட்டார்.

நேரில் போய்ப் பார்க்கவும் செய்தார், குறை சொல்லக்கூடாது. ஒரு சனிக்கிழமை மோட்டார் பஸ் ஏறினார். பாதி வழியில் பஸ் நின்ற இடத்தில் ஒரு காபி குடித்தார். காபியில் புகை நாற்றம். "பாதி தூரத்துலயே காபி இப்படி இருந்தா, முழு தூரத்துல எப்படி இருக்கும்?" என்று கணக்குப் போட்டு, எதிரே வந்த பஸ்ஸில் ஏறி வீடு திரும்பிவிட்டார்.

இன்னொரு பக்கம், மைசூரைவிட்டுப் போனால் என்னென்ன இழப்போம் என்று பட்டியல். மின்சார விளக்கு: தெருவில் எரிந்தது, இவர் அறையில் சிம்னி விளக்கு. மிருகக்காட்சிசாலை: இவர் உள்ளே போனதே இல்லை, சிங்கத்தின் சத்தம் இங்கேயே கேட்கிறது என்பார். தசரா ஊர்வலம்: பதினோரு வருஷத்தில் ஒரே தடவை பார்த்தார், அதுவும் யானையின் பின்பக்கத்தை. எல்லாவற்றுக்கும் மேலாக, காவிரிக்கு அக்கரையில் இருந்த கொள்ளேகாலம் அப்போது கோயமுத்தூர் ஜில்லா, வெள்ளைக்காரன் ராஜ்யம்.

"மகாராஜாவை விட்டுட்டு எப்படிண்ணே போறது?" என்று அண்ணன் மரியராஜிடம் தழுதழுத்தார். இவர் போனால் அரண்மனையில் அன்று சமையல் நின்றுவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

மழை முடியட்டும் என்றார். மழை முடிந்தது. தசரா முடியட்டும் என்றார். அதுவும் முடிந்தது. அக்டோபர் கடைசி நாள், புதன்கிழமை காலை, கோர்ட்டுக்குக் கிளம்ப மேல்துண்டைத் தேடிக்கொண்டிருந்தவர் வாசலில் ஒரு ஜட்கா நிற்பதைப் பார்த்தார். அதில் ஒரு தகரப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், புத்தம் புதிதாக ஒரு இரும்பு அடுப்பு. பக்கத்தில் வெள்ளைச் சேலையில் ஜேன்.

"எங்க கிளம்பிட்ட?"

"கொள்ளேகாலத்துக்குங்க. நாளைக்கு டூட்டி சேரணும்."

"நான் இன்னும் முடிவே பண்ணலையே!"

"நீங்க நிதானமாப் பண்ணுங்க. நான் கடுதாசி வந்த அன்னிக்கே சம்மதம்னு எழுதிப் போட்டுட்டேன்."

ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிற மனிதருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரைக் கேட்டு எழுதின?"

"கடுதாசியில என்னைத்தானேங்க கேட்டிருந்தாங்க?" என்றாள் ஜேன். குரலில் கோபமே இல்லை. அது இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்போ நான் வரணுமா, வேணாமா?"

"வீட்டுல ரெண்டு அறை இருக்கு. வந்தா வாங்க." அவள் ஏறிக்கொண்டாள். ஜட்கா மார்க்கெட்டுப் பக்கம் திரும்பி மறைந்தது.

அன்று அவர் முகத்தைப் பார்த்தவர்கள் பரிதாபப்பட்டார்களாம். எனக்கு அப்படியொன்றும் தோன்றவில்லை. பதினோரு வருஷம் அரிசியோடு காத்திருந்தவள் முகத்தை அவர் ஒரு நாள் பார்த்திருந்தால் நானும் பரிதாபப்பட்டிருப்பேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக மண்டி மொஹல்லாவுக்குப் போனார். சம்சாரம் முன்னால் போய்விட்ட ஊருக்குப் புருஷன் பின்னால் போவது கௌரவமா என்று விசாரிக்கத் தொடங்கினார். இரண்டு வருஷமாகிறது, அபிப்பிராயங்கள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. யாரோ மைத்துனர், யாரோ எதிர்வீட்டுக்காரர் ஞாபகத்துக்கு வருகிறார். வரட்டும். ஆனால் ஒரு சின்னச் சந்தேகம். உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு கேள்வி உங்கள் முடிவுக்காக ரொம்ப நாளாகக் காத்திருக்கிறது அல்லவா? முன்பெல்லாம் அதைப் பற்றி நச்சரிப்பார்கள், இப்போது யாரும் வாய் திறப்பதில்லை அல்லவா? உங்கள் நிதானத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? எதற்கும் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். பரணில் இருந்த பெட்டி பரணில்தான் இருக்கிறதா?