கிராபிக்ஸ் கார்டு பார்த்த பார்வை

"பெரியம்மா, அந்த அக்கா ஏன் நம்மளையே பாத்துக்கிட்டிருக்காங்க?"

தாஷ்கந்திலிருந்து, கணினித் திரைக்குள்ளிருந்து, ஐந்து வயதுக் குழந்தை ஒன்று இப்படிக் கேட்டதும் நமங்கானில் சோபித் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

அவருடைய மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள்தான் அந்தத் தாஷ்கந்துக்காரர்கள். இரண்டு ஊருக்கும் நடுவிலுள்ள மலைக் கணவாயைப் பனி மூடிவிட்டது. அதனால் முதல் பேச்சைக் கணினியில் முடித்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளையின் தாய் முகர்ரம் சொல்லியிருந்தார். சோபித்தும் மனைவி ஸலோமத்தும் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் மகள் ஷஹ்லோ பட்டு உடுத்தி நின்று, கையை மார்பில் வைத்து முறைப்படி ஸலாம் சொன்னாள். எல்லாம் சரிதான். ஆனால் திரையின் மூலையில் தெரிந்த அவள் கண்கள் மட்டும் தரைக்கு இறங்கவில்லை. அகல விரிந்து, தாஷ்கந்தில் கதவோரம் நின்றிருந்த மாப்பிள்ளை பெஹ்ஸோத்தை நேராகப் பார்த்தன.

பெண் பார்க்க வந்தவர்களை நிமிர்ந்து பார்த்த பெண்ணைப் பற்றி, அவள் பேரன் பேத்தி எடுக்கும்வரை இந்த ஊர் பேசும். ஸலோமத்துக்கு முகம் வெளுத்துவிட்டது.

அப்போதுதான் மூலையில் இருந்த எல்முரோத் தொண்டையைக் கனைத்தான். கணினி பழுது பார்ப்பவன். இணைப்புப் போட்டுக் கொடுக்க வந்திருந்தான்.

"அது ஷஹ்லோ இல்ல அகா. கம்ப்யூட்டர்" என்றான் சோபித்திடம். அகா என்றால் அங்கே அண்ணன்.

போன வாரம் அவன் ஏற்றிய புது இயங்குதளத்தில் ஒரு வசதி இருக்கிறதாம். நாம் எங்கே பார்த்தாலும் எதிரே இருப்பவரைப் பார்ப்பதுபோலக் கண்களைத் திருப்பிக் காட்டுமாம். கிராபிக்ஸ் கார்டும், அதை இயக்கும் டிரைவர் என்ற நிரலும் சேர்ந்து செய்கிற வேலையாம். சோபித் விதைக்கடைக்காரர். இதில் ஒரு சொல்லும் அவருக்குப் புரியவில்லை. மகளின் மானம் தப்பியது என்பது மட்டும் புரிந்தது. அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிவிட்டு, கேட்டதை அப்படியே தாஷ்கந்துக்கு ஒப்பித்தார்.

முகர்ரம் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தார்.

"கண்ணைத் திருப்பற மிஷின் மூக்கையும் திருப்புமா?"

"இல்லைங்க."

"பொண்ணுக்கு மாறுகண் ஒண்ணும் இல்லையே? மறைக்கறீங்களா?"

ஷஹ்லோ தேநீர் கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

சந்தேகத்தைத் தீர்க்க சோபித் மகளை அடக்கமாக நிற்கவைத்து ஒரு புகைப்படம் எடுத்து அனுப்பினார். அடக்கம் கொஞ்சம் கூடிப்போய் இமை முழுக்க மூடியிருந்தது. பெண்ணுக்குக் கண்ணே தெரியாதா என்று தாஷ்கந்திலிருந்து பதில் வந்தது.

அந்த வசதியை நிறுத்திவிட்டால் தீர்ந்தது என்று எல்முரோத்தைக் கூப்பிட்டார். அவன் ஏதேதோ சொல்லி மழுப்பினான். ஆகவே சோபித் தானே உட்கார்ந்து, 'புது டிரைவர்' என்று கண்ணில் பட்டதையெல்லாம் இறக்கி நிறுவினார். ஒன்று எழுத்துகளைப் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக்கியது. இன்னொன்று நிறங்களைக் குழப்பியது. அன்றைய அழைப்பில் குடும்பமே கீரையில் ஊறியதுபோலப் பச்சையாகத் தெரிந்தது.

"உங்க வீட்ல எல்லாருக்கும் உடம்பு சரியில்லையா?" என்று கேட்டு முகர்ரம் இணைப்பைத் துண்டித்தார்.

"விதைக்கடைக்காரருக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்றாள் ஸலோமத். சொல்லிவிட்டு அழுதாள்.

போச்சு என்று நினைத்திருந்தபோது, மறுநாள் காலை முகர்ரமே தொலைபேசியில் அழைத்தார். கணவாய் திறந்துவிட்டது, வெள்ளிக்கிழமை நேரில் வருகிறோம் என்றார். குரல் இறங்கியிருந்தது.

"என் புள்ள சாப்பிடாம உக்காந்திருக்கான். உங்க பொண்ணு முதல் நாள் பாத்துச்சே, அந்தப் பார்வைதான் வேணுமாம். மிஷினோட பார்வைடான்னு சொன்னா, காதுலயே வாங்க மாட்டேங்கறான்."

ஸலோமத் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாவு சலிக்கத் தொடங்கினாள். சோபித்துக்குத்தான் மனம் ஒப்பவில்லை. மிஷின் காட்டிய கண்ணில் ஒரு பிள்ளை மயங்கிக் கிடக்கிறான். நேரில் வந்து, தரையைப் பார்க்கும் பெண்ணைக் கண்டால் என்ன ஆவான்? தெரிந்தே ஒருவனை ஏமாற்றினால் தொழுகையில் எப்படி நிற்பது?

கணினியைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனார். எல்முரோத்தின் கடையில் வேறு யாரும் இல்லை.

"இதை நீயே வெச்சுக்கோ தம்பி. அவங்களை வர வேண்டாம்னு சொல்லப்போறேன்."

எல்முரோத் பதறிப்போனான். "ஏன் அகா?"

"அவன் ஆசைப்பட்டது என் பொண்ண இல்ல. ஏமாத்தி ஒரு நிக்காஹ் எனக்கு வேண்டாம்."

எல்முரோத் கடை வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தான். பிறகு சோபித்துக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டான்.

"ஸ்கூல்ல உலக உருண்டையை நான் கீழ போட்டு உடைச்சேன். தன் கை பட்டுதான் விழுந்துச்சுன்னு வாத்தியார்கிட்ட சொன்னது ஷஹ்லோ. உங்ககிட்ட அவ சொல்லியிருக்க மாட்டா."

இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று சோபித் விழித்தார்.

எல்முரோத் கணினியின் மூடியைத் திறந்து, உள்ளே தூசி படிந்திருந்த கார்டைத் துணியால் மெல்லத் துடைத்தான்.

"பொண்ணு பாத்த அன்னைக்கு நானும் அவ பழியை இது மேல போட்டேன். கண்ணைத் திருப்பற டிரைவர் இந்தக் கார்டுக்கு இதுவரைக்கும் யாருமே எழுதல அகா."