அரைஞாண் கயிற்றுக்குள் இரண்டு விரல்

அன்பு மாப்பிள்ளை மதியழகனுக்கு, பாலக்கோட்டிலிருந்து உன் அக்கா புருஷன் நவநீதன் எழுதுவது. இங்கே நான், உன் அக்கா, என் தொப்பை மூவரும் நலம். பெங்களூரில் நீயும் பூவிழியும் பிள்ளைகளும் நலமென்று நம்புகிறேன். போனில் பேசினால் உன் அக்கா காதில் விழும் என்பதால் இந்தக் கடிதம்.

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தக்காளி மண்டியில் ஏலம் கூவுகிற ஆம்பளை நான், இந்த ஐம்பத்திரண்டு வயதில், பிள்ளை பெற்றவர்கள் கட்டுகிற பெல்ட்டைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டு திரிந்தேன். நீ அனுப்பிய பெட்டியின் மேலேயே கைக்குழந்தையோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருக்கிறாள். "மாமா, வயித்த இறுக்கினா மெட்டபாலிசம் ஏறும், சும்மா உக்காந்திருந்தாலே கொழுப்பு எரியும்" என்றாயே, அந்தச் 'சும்மா'வில்தான் விழுந்தேன்.

எனக்கு வேறு வழியும் இல்லை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து, ஊருக்கெல்லாம் புரட்டாசி முடிந்தும் எனக்கு மட்டும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் கறிக் குக்கர் விசிலடிக்கும். எங்கள் வீட்டில் கீரை கடைகிற சத்தம். ஆடிப் பதினெட்டுக்கு உன் அக்கா அமுதவல்லி கட்டிவிட்ட சிவப்பு அரைஞாண் கயிறு சதைக்குள் புதைந்துவிட்டதாம். அவள் சொல்லித்தான் தெரியும்; தொப்பை மறைப்பதால் என் இடுப்பை நானே பார்த்துப் பல வருஷமாகிறது. "இந்தக் கயித்துக்குள்ள என் ரெண்டு விரல் எப்பப் போவுதோ, அன்னிக்குத்தான் இந்த வூட்ல கறி" என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

ஆகவே கட்டினேன். வயிறு உள்ளே போனது உண்மைதான் மாப்பிள்ளை, ஆனால் போன இடம் நெஞ்சு. மண்டியில் மூச்சுவிடாமல் கூவுகிறவன், "நானூறு" என்று சொல்லிவிட்டு அடுத்த விலைக்குக் காற்று வாங்க நின்றேன். ஏலம் முடிந்ததென்று அதே விலைக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். உருண்ட தக்காளியை எடுக்கக் குனிந்தேனா, 'டர்ர்ர்' என்று பெல்ட்டின் ஒட்டுப்பட்டை பிய்த்துக்கொண்டது. மொத்த மண்டியும் என் வேட்டியைப் பார்த்தது. பக்கத்து மண்டிக்காரன் பச்சியப்பன் மட்டும் சட்டையைத் தூக்கியே பார்த்துவிட்டான்.

"ஏண்ணே, கோணியச் சுத்திக் கயித்தப் போட்டு இறுக்கினா உள்ள இருக்கற சரக்கு கொறைஞ்சிருமா?"

"மெட்டபாலிசம் பத்தி உனக்கு என்னடா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுண்ணே. அதான் ஒல்லியா இருக்கேன்."

அந்த ரோஷத்தில் வியாழக்கிழமை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக் கட்டி, மதியம் இரண்டு உருண்டை களியும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் உள்ளே தள்ளினேன். இறங்கினால்தானே! நெஞ்சில் திகுதிகுவென்று எரிந்தது. கொழுப்புதான் எரிகிறது என்று சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கண் இருட்டிக்கொண்டு வந்தது தெரியும், விழுந்தது தெரியாது. விழித்தபோது பெல்ட் மூலையில் கிடந்தது. அமுதவல்லி கையில் காய் நறுக்குகிற கத்தி, கண்ணில் தண்ணீர். பாவம், சமையல் வேலையில் அப்படியே ஓடி வந்திருப்பாள்.

"ஏங்க, உங்களுக்குக் கறி முக்கியமா, நான் முக்கியமா?"

பதில் தெரிந்தும், குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டேன்.

ஆனால் பார் மாப்பிள்ளை, உன் பெல்ட் வேலை செய்துவிட்டது! அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே வந்து கயிற்றுக்குள் விரலை விட்டாள். "ரெண்டு என்னங்க, மூணு விரல் போவுது!" என்று சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மத்தியானம் எலும்புக் குழம்பு, ஈரல் வறுவல். சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரம் பாயில் மல்லாந்து கிடந்தேன். அப்படி ஒரு நிம்மதி. எதிர் மண்டி அர்ச்சுனனும் ஒரு பெல்ட் கேட்கிறான், அனுப்பி வை.

நீங்கள் எல்லோரும் பசிக்குச் சாப்பிட்டு, மூச்சுவிட இடம் வைத்து உடுத்தி, நூறு வயது வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் மாமா நவநீதன்

பி.கு.: அர்ச்சுனனுக்குப் பெல்ட் வேண்டாம். இப்போதுதான் குளித்துவிட்டு வந்து, பீரோக் கண்ணாடி முன்னால் துண்டை மாற்றினேன். ஆடியில் கட்டியது சிவப்புக் கயிறு. இப்போது இடுப்பில் தொளதொளவென்று கிடப்பது கறுப்புக் கயிறு. வியாழக்கிழமை அந்தக் கத்தி எதை அறுத்ததென்று இப்போதுதான் புரிகிறது. உன் அக்காவிடம் நான் எதுவும் கேட்கவில்லை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை.