வைஃபைக்கு நான் போட்ட கால அட்டவணை

எதையும் மணி போட்டுக் குறித்து வைக்கிற ஆளிடம் வீட்டில் எந்தப் பொறுப்பையும் கொடுக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன், அந்த ஆள் நான்தான். பால்காரர் வந்த நேரம், மின்சாரம் போன நேரம், எங்கள் கடத்தூரில் மழை பிடித்த நேரம், விட்ட நேரம் எல்லாம் என் நாட்குறிப்பில் உண்டு. இந்தச் சம்பவத்தின் தேதியும் உண்டு. ஆனால் அதை எழுதக் கூடாது என்று என் மகள் யாழினி தடை போட்டிருக்கிறாள். (ஒரு புதன்கிழமை என்று மட்டும் சொல்ல அனுமதி வாங்கியிருக்கிறேன்.)

பெங்களூரில் ஒரு கம்பெனி. சின்னச் சின்ன வண்டிகளைத் தொலைவிலிருந்தே ஓட்டுவதற்கு மென்பொருள் செய்பவர்கள். அவர்கள் யாழினிக்கு வைத்த நேர்முகத் தேர்வு எங்கள் வீட்டிலிருந்தே, இணையம் வழியாக. பத்தரை மணி முதல் பதினொன்றரை வரை. கடைசிக் கால் மணி நேரம்தான் உயிர்நாடி. அவர்கள் அலுவலகத்தில் இருக்கும் ஒரு சக்கர வண்டியை இவள் தானே எழுதிய நிரலை வைத்து, கடத்தூரில் உட்கார்ந்துகொண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஓட்டிக் காட்ட வேண்டும். பல மாதங்களாக வேலை தேடி அலுத்துப் போயிருந்தாள். இதுவும் போனால் பொம்மிடியில் ஒரு கணினி மையத்தில் தட்டச்சு சொல்லிக்கொடுக்கப் போவதாகச் சொன்னாள். சொல்லும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நெட்டு ஸ்பீடு பத்துமா கண்ணு?" என்று கேட்டேன்.

"ஸ்பீடு இல்லப்பா பிரச்சனை. நான் பட்டன அமுக்கினா அங்க வண்டி திரும்பறதுக்குக் கொஞ்சம் லேட்டாவும். அது எப்பவும் ஒரே அளவு லேட்டா இருந்தா கை பழகிக்கும். ஒருக்கா சட்டுனு, ஒருக்கா மெதுவான்னா எங்க போய் முட்டும்னே தெரியாது. அந்த ஒரு மணி நேரம் எல்லாரும் போன அணைச்சு வெச்சாப் போதும்."

அதோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் வைஃபையைப் பக்கத்து வீட்டில் இருக்கும் என் தம்பி செல்வராசுவும் பயன்படுத்துகிறான். தக்காளிப் பெட்டிகளை வீடியோ எடுத்து வியாபாரிகளுக்கு அனுப்புவான். கிணற்று மோட்டாருக்குக் கேமரா வேறு. என் மனைவி மல்லிகா சமையல் வீடியோ இல்லாமல் அடுப்புப் பற்றவைக்க மாட்டாள். இவர்களை நம்பி மகளின் எதிர்காலத்தை விடுவதா? மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். காற்றில் போகும் தகவலுக்கும் நேரம் ஒதுக்கலாமாம். மொரப்பூர் ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் போகும்வரை கூட்ஸ் வண்டியை ஓரங்கட்டி நிறுத்துவார்களே, அதேதான்!

எங்கள் ரவுட்டரிலும் அந்த வசதி இருந்தது. பத்தரை முதல் பதினொன்றரை வரை யாழினியின் லேப்டாப் மட்டும், மற்றதெல்லாம் ஓரம். புதன்கிழமை காலையில் அதை உள்ளிட்டபோது ரவுட்டர் ஒரு கேள்வி கேட்டது. மணியை இணையத்திலிருந்து தானே எடுத்துக்கொள்ளட்டுமா, நீங்கள் தருகிறீர்களா? முகம் தெரியாத கடிகாரத்தை நம்புவேனா நான்? பதற்றத்தோடு நிமிர்ந்து, கூடத்துச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து, நானே மணியைப் போட்டேன்.

பிறகு யாழினியின் அறை வாசலில் நாட்குறிப்போடு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். செல்வராசு போனைப் பிடித்தபடி வந்தான்.

"அண்ணா, அதுக்குள்ளயும் நெட்டப் புடுங்கிட்டீங்களா? தக்காளி வீடியோ பாதியில நிக்குதுங்க."

"பத்தரைக்கு நிக்கும்னு சொன்னனில்ல?"

"இன்னும் ஆவலீங்களேண்ணா."

"கடிகாரத்தப் பாருடா!"

அவன் கடிகாரத்தைப் பார்த்தான், கையிலிருந்த போனைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். "சரிங்கண்ணா" என்று போய்விட்டான். (மரியாதை தெரிந்தவன். அன்றைக்கு மட்டும் தெரியாதவனாக இருந்திருக்கலாம்.)

உள்ளே கேள்வி பதில் ஒழுங்காகத்தான் போனது. கடைசியில் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டு, கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். திரையில் அது முதல் நாற்காலியைச் சுற்றியது. இரண்டாவதையும் சுற்றியது. சாமி, இன்னும் ரெண்டே நாற்காலி என்று நான் வேண்டிக்கொண்ட நொடியில் படம் உறைந்தது. யாழினி இடப்பக்கம் திருப்பினாள். அசையவில்லை. மறுபடி அமுக்கினாள். இரண்டு கட்டளையும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வண்டி பேய் பிடித்ததுபோல் சுழன்று, ஒரு ஸ்டூலை முட்டி, அதிகாரி ஒருவரின் டீயை அவர் மடியிலேயே கவிழ்த்தது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. அவர் எழுந்தார். வெள்ளைப் பேண்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தார், பாவம்.

நான் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். "எவன்டா நெட்டத் தொட்டது?"

"நீங்கதானுங்க பதினொன்றரைக்குத் தொறக்கும்னீங்க. தொறந்துச்சு. நின்ன வீடியோவெல்லாம் ஒரே மூச்சுல போயிருச்சுங்க" என்றான் செல்வராசு, சந்தோஷமாக.

கரண்டியோடு மல்லிகா வந்தாள். "என்னங்க, கூடத்துக் கடிகாரத்தப் பாத்தா ரவுட்டருக்கு மணி வெச்சீங்க?"

"ஆமா."

"அது பன்னண்டு நிமிசம் முன்னால ஓடுதுங்களே!"

ஓடும்தான். யாழினி பிறப்பதற்கு முன்பே, மொரப்பூரில் ஒருமுறை ரயிலைத் தவறவிட்ட அன்று, என் கையாலேயே அப்படி வைத்தேன். அதிலிருந்து வீட்டில் எல்லாரும் மனசுக்குள் பன்னிரண்டைக் கழித்துத்தான் மணி பார்ப்போம். பயத்தில் அன்று நான் கழிக்கவில்லை. ரவுட்டர் மற்றவர்களுக்குப் பன்னிரண்டு நிமிடம் முன்பே மூடி, பன்னிரண்டு நிமிடம் முன்பே திறந்திருக்கிறது.

திரும்பி வந்தபோது யாழினி ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தாள். தாமதம் தாறுமாறானால் வண்டி எந்தக் கட்டளையையும் கேட்காமல் நின்றுவிட வேண்டும் என்று அவள்தான் எழுதியிருக்கிறாள். ஆனால் முட்டுவதற்கு முன்பே நின்றிருக்க வேண்டும். அது தன் தவறு, திருத்தித் தருகிறேன் என்றாள். நெட் ஏன் அப்படிச் சொதப்பியது என்று கேட்டார்கள். அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். நான் வாயசைவில் 'பன்னண்டு நிமிசம்' என்றேன். ஒரு கணம் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அவர்களிடம் அப்படியே சொன்னாள். டீ கொட்டியவர்தான் முதலில் சிரித்தார்.

அடுத்த வாரம் மறுபடி ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். அதுவரை அவள் என்னிடம் உப்பு, தண்ணீர் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. அன்று என் யோசனை தேவைப்படவில்லை. வீட்டில் இருந்த போன்களையெல்லாம் அணைத்து அரிசி டிரம்மில் போட்டு மூடிவிட்டு, என்னைப் பொம்மிடிக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். வேலை கிடைத்தது.

அவள் அலுவலகத்தில், மணி முந்தி ஓடும் கருவிக்கு 'அப்பா டைம்' என்று பெயராம். வீட்டிலும் நான் எந்த மணியைச் சொன்னாலும், "அப்பா மணியா, ஊரு மணியா?" என்றுதான் கேட்கிறார்கள். கடிகாரத்தைத் திருத்தவும் விடுவதில்லை. எல்லாருக்கும் கழித்துப் பழகிவிட்டது. திருத்தினால் ரயில் போய்விடுமாம்.

போன மாதம் யாழினிக்கு வரன் கேட்டுத் தரகர் வந்து, ஜாதகத்தைப் பிரித்தார்.

"பொறந்த நேரம் யாருங்க குறிச்சது?"

"இவருதானுங்க, இவரு வாட்ச்சப் பாத்து" என்றாள் மல்லிகா. "அந்த வாட்ச்சக் கூடத்துக் கடிகாரத்தப் பாத்துதான் வெப்பாரு. பன்னண்டு நிமிசம் கழிச்சுக்கங்க."

தரகர் ஜாதகத்தை மூடி வைத்தார். அவர் கிளம்பியபோது மணி நான்கு பத்து. (அப்பா மணி.)