பச்சையப்பனின் நாடி

"அசையாதீங்க. தோ, ஒன்னு தவறிடுச்சி!"

களம்பூர் அரிசி மில் வேலைக்குக் கிளம்பி, ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்ற பச்சையப்பனின் மணிக்கட்டை அவர் மனைவி ஆதிலட்சுமி விடவில்லை. வீட்டிலேயே நாடி பார்ப்பது எப்படி என்று செல்போனில் ஒரு வீடியோ வந்திருந்தது. அதைப் பாதி பார்த்ததுமே எழுந்து வந்துவிட்டாள்.

"எனக்கு ஒன்னும் பண்ணலியே."

"உங்களுக்குத் தெரியாது. என் விரலுக்குத் தெரியும்."

அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. தறியில் பழைய பாவு முடிந்து புதுப் பாவு ஏற்றும்போது, இழையோடு இழை பிணைக்க ஆரணியில் அவளைத்தான் தேடி வருவார்கள். கண்ணுக்குச் சிக்காத பட்டிழையையும் அவள் கட்டைவிரல் உருட்டிப் பிடித்துவிடும். அந்த விரலைத்தான் புருஷன் மணிக்கட்டில் அழுத்தியிருந்தாள். நாலு துடிப்பு ஒழுங்காக வந்தது. அடுத்தது வரவில்லை. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல் ஓடிவந்தன.

அன்றைக்கே அவருக்கு டீ நிறுத்தப்பட்டது. ஆனால் இருவருக்கும் சேர்த்துப் போட்டே பழகிய கை. கொட்ட மனசில்லாமல் அவர் பங்கையும் அவளே குடித்தாள். சாயங்காலம் பார்த்தால், நாடி காலையைவிட மோசம்.

"டீயை நிறுத்தியும் ஏறிகினே போவுதே!"

மறுநாள் பைக் சாவி அரிசிப் பானைக்குள் போனது. பஸ்ஸில் போகச் சொல்லி, துணைக்குத் தானும் நடந்தாள். அவருக்கு நீளக்கால், அவளுக்கு ஓட்டமும் நடையும். பஸ் படியில் ஏறியவரின் கையை எட்டிப் பிடித்து, மூச்சிரைக்க நாடி பார்த்தாள். அது தறிகெட்டு ஓடியது.

"யக்கா, கையை வுட்டா வண்டியை எடுக்கலாம்" என்றார் கண்டக்டர். "மில்லுக்குத்தான போறாரு, மிலிட்டரிக்கா?"

இரவெல்லாம் தூங்காமல் அவரைக் காவல் காத்தாள். விடிந்ததும் நாடி இன்னும் கெட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார். "சுத்தமா இருக்குதும்மா."

"அது கொஞ்ச நேரம் பாக்குற மெஷினு சார். நான் நாள் முழுக்கப் பாக்குறேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "அதுவும் சரிதான். சில பேருக்கு வந்து வந்து போவும். ஒரு நாள் முழுக்க மெஷின் மாட்டிப் பாத்துடலாம். பயப்படாதீங்க, ஆரம்பத்துலயே தெரிஞ்சா நல்ல வைத்தியம் இருக்குது."

மார்பில் வயர்களும் இடுப்பில் பெட்டியுமாக மில்லுக்குப் போனவரைப் பார்த்து, "அண்ணனுக்குச் சார்ஜ் போட்டிருக்காங்கடா" என்று மூட்டை தூக்குகிறவர்கள் கொண்டாடினார்கள். அந்த ரிப்போர்ட்டிலும் ஒரு துடிப்புகூடத் தவறவில்லை.

ஆதிலட்சுமி டாக்டர் அறையிலேயே அழுதுவிட்டாள். "இவரை வுட்டா எனக்கு யாரு சார் கீறாங்க? மெஷின் பொய் சொல்லுது!"

"இன்னாம்மே இது, நான் நல்லாத்தான கீறேன்" என்று கெஞ்சினார் பச்சையப்பன்.

டாக்டர் நர்ஸ் தமிழ்ச்செல்வியைக் கூப்பிட்டார். அவள் பச்சையப்பனைக் கட்டிலில் படுக்கவைத்து, துடிப்பு கோடாக ஓடும் திரையோடு இணைத்தாள்.

"நீங்க எப்பிடிப் பாக்குறீங்கன்னு காட்டுங்கம்மா."

ஆதிலட்சுமி கட்டைவிரலை அழுத்தினாள். தமிழ்ச்செல்வி ஒருமுறை அந்த விரலையும் ஒருமுறை திரையையும் பார்த்தாள். பிறகு ஆறுதல் சொல்கிறவளைப்போல ஆதிலட்சுமியின் இன்னொரு கையை மணிக்கட்டோடு பிடித்துக்கொண்டாள்.

"தவறும்போது சொல்லுங்க."

"இப்ப."

"ஆமா."

"தோ, மறுபடியும்."

"ஆமாம்மா, தவறுது."

பச்சையப்பனுக்குக் குப்பென்று வேர்த்தது. அதுவரை வேடிக்கையாக எடுத்துக்கொண்டவர் கட்டில் கம்பியை இறுகப் பிடித்தார்.

"பாத்தீங்களா!" என்று ஆதிலட்சுமி விம்மினாள். "இவங்க ஒருத்தராவது நம்புனாங்களே!"

"நீங்க எண்ணுனது அத்தினியும் சரிம்மா" என்றாள் தமிழ்ச்செல்வி, பிடித்த கையை விடாமலே. "ஆனா கட்டைவிரலை வெச்சுப் பாத்தா அவங்கவங்க துடிப்புதான் அவங்கவங்களுக்குத் தெரியும். அய்யா எறங்கட்டும், நீங்க ஏறிப் படுங்க."