அத்திப்பள்ளி அஞ்சு மணி ஷோ

"அந்தக் குடை சீன்ல நெஜமாவே அழுதியா, இல்ல சும்மா எழுதுனியா?"

ஷிப்ட் முடிந்து வந்த மேகலா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டாள். கையில் செல்போன். ஜோதிமணி போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். காலையில் கம்பெனிக்குப் போனில் சொன்ன காய்ச்சலுக்கு மரியாதை கொடுத்து அவள் மதியத்திலிருந்து போர்த்திக்கொண்டேதான் கிடந்தாள்.

"அழுதேன்டி."

"அப்ப எதுக்கு ஊரு பூரா படத்துல அப்படி ஒரு சீனே இல்லன்னு எழுதிக்கினு இருக்காங்க?"

ஜோதிமணி போர்வையைத் தலைக்கு மேலேயே இழுத்துக்கொண்டாள்.

"ஏன்னா நான் படமே பாக்கலடி."

மூக்கண்டப்பள்ளியில் ஒரே அறை, ஒரே கம்பெனி, கியரில் பல் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் ஒரே வேலை என்று இருவருக்கும் எல்லாம் பொது. 'ஜூஜுவாடி ஜன்னல்' என்ற வலைப்பூ மட்டும் ஜோதிமணிக்குத் தனி. அதை எழுதுவது அவள்தான் என்று மேகலாவைத் தவிர ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது.

மணப்பாறையிலிருந்து ஓசூருக்கு வந்த மூன்று வருடத்தில் ஜோதிமணி கண்டுபிடித்த மகத்தான உண்மை ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் புதுப்படம் காலை ஒன்பது மணிக்குத்தான் ஓடத் தொடங்கும். பஸ் ஏறி ஜூஜுவாடியைத் தாண்டினால், கர்நாடக எல்லைக்குள் இருக்கும் அத்திப்பள்ளியில் விடிகாலை ஐந்துக்கே போட்டுவிடுவார்கள். சென்னைக்காரன் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது ஜோதிமணியின் விமர்சனம் வந்து விழுந்திருக்கும். அதற்கு அவள் வைத்திருந்த தலைப்பு 'வெளிமாநிலப் பயணக் குறிப்பு'. "செக்போஸ்ட் தாண்டுனதும் கர்நாடகா வரவேற்குதுன்னு மெசேஜ் வந்துச்சு மக்களே" என்று ஆரம்பித்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று முடிப்பாள். பதினோராயிரம் பேர் படித்தார்கள். பாதிப் பேர் அவள் விமானத்தில் போய்வருவதாக நினைத்திருந்தார்கள்.

'ஏழாவது கியர்' படம் வெளியான வெள்ளிக்கிழமைதான் எல்லாம் கெட்டது.

அன்றைக்குக் கம்பெனியில் ஆடிட். யாருக்கும் லீவு கிடையாது என்று சூப்பர்வைசர் குருமூர்த்தி மூன்று நாளாகவே போர்டில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருந்தார். ஜோதிமணியைப் பர்மனென்ட் ஆக்கும் பேப்பர் அவர் மேஜையில் இருந்தது. திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் ஐந்து மணி ஷோவின் டிக்கெட் முழுவதையும் ஓசூர் ரசிகர் மன்றம் மொத்தமாக வாங்கி, கேட்டவர்களுக்குக் கொடுத்திருந்தது. அதில் ஒன்று ஜோதிமணியின் பையில் இருந்தது. எட்டரைக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டு நாலு மணி பஸ்ஸில் ஏறினாள்.

ஜூஜுவாடிக்கு முன்னால் ஒரு தக்காளி லாரி சாலைக்குக் குறுக்கே படுத்திருந்தது.

தூறல் வேறு. முன்னால் லாரி, பின்னால் லாரி, பக்கத்தில் பைக்குகள். பஸ் ஒரு அடி நகர்ந்தால் கர்நாடகா வரவேற்றது, நின்றால் தமிழ்நாடு வரவேற்றது. ஆறு மணிக்குள் அவள் பதினோரு முறை வரவேற்கப்பட்டுவிட்டாள். வேறு வழியில்லாமல் குருமூர்த்திக்குப் போன் செய்து, தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு காய்ச்சல் என்றாள். பின்னால் லாரி ஹாரன் அலறியது. அவர் பக்கமும் ஒரு ஹாரன் அலறியது. எதிரொலி என்று நினைத்துக்கொண்டாள். ஆடிட் நாளில் அறுத்து உப்புப் போடுவார் என்று பயந்தால், "சரி சரி, ரெஸ்ட் எடு" என்று சொல்லி அவசரமாக வைத்துவிட்டார். தன் நடிப்பை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

எட்டு மணிக்கும் பஸ் அதே இடம். பதினோராயிரம் பேர் காத்திருந்தார்கள். அதில் 'பர்கூர் பையன்' என்று ஒருவன், ஜன்னலுக்கு எப்போது திரை விழும் என்றே காத்திருந்தான்.

ஜோதிமணி தட்டச்சு செய்தாள். "முதல் பாதி தீ. இன்டர்வெல்ல தியேட்டர் அதிருது. ரெண்டாவது பாதி லைட்டா இழுவை. கிளைமாக்ஸ் வேற லெவல்." எந்தப் படத்துக்கும் பொருந்தும் சட்டை இது. அதோடு விட்டிருக்கலாம்.

ஆனால் அப்போது தலையை நிமிர்த்திவிட்டாள். முன் சீட்டில் ஒரு பெரியவர். இடுப்பில் சாவிக்கொத்து. நாலு மணியிலிருந்து கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதுமாக இருந்தவர். வெளியே, தலையில் ரோஜாக் கட்டோடு ஒரு அம்மா லாரிகளுக்கு நடுவே நனைந்துகொண்டு போனாள். பெரியவர் தன் குடையை ஜன்னல் வழியாக நீட்டினார். கம்பி ஒன்று வளைந்த கறுப்புக் குடை. அந்த அம்மா வேண்டாம் என்று தலையாட்ட முடியாமல் கண்ணால் சொன்னாள். அவர் அதை அவள் கையில் திணித்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

ஜோதிமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விரல் தானாக ஓடியது. "ரயில் ஜன்னல் வழியா அப்பா குடைய நீட்டுற சீன். வசனமே இல்ல மக்களே. அழுதுட்டேன்."

பத்து நிமிடத்தில் பதில்கள் கொட்டின. 'முதல்வரிசை மூர்த்தி' என்று ஒருவர் எழுதியிருந்தார்: "நானும் அத்திப்பள்ளி அஞ்சு மணி ஷோதான். குடை சீனுக்கு எந்திரிச்சு நின்னு கை தட்டுனேன்." அவருக்குக் கீழே நாற்பத்தேழு பேர் தாங்களும் அதே ஷோவில் அழுததாகச் சொன்னார்கள்.

குருட்டாம்போக்கில் விட்ட கல்லுக்கு மாங்காயே விழுந்துவிட்டதோ என்று ஜோதிமணி திகைத்துப்போனாள். படத்தைப் பார்த்துச் சரிபார்த்துவிடலாம் என்றால், ஜாம் விட்டபோது மணி பதினொன்று. ஞாயிறுவரை எந்தத் தியேட்டரிலும் டிக்கெட் இல்லை. போதாததற்குக் காய்ச்சல்காரி ஊரில் தலைகாட்டவும் முடியாது. அறைக்குத் திரும்பிப் போர்த்திக்கொண்டாள். மதியம் தமிழ்நாட்டு ஷோக்கள் முடிந்ததும் பர்கூர் பையன் எழுதினான்: "படத்துல ரயிலே இல்ல. மழையே இல்ல. ஹீரோவுக்கு அப்பாவே இல்ல, அநாதை."

"தப்பா எழுதிட்டேன்னு ஒரு வரி போட்டுடு. யாரு உன்ன தூக்குல போடப் போறாங்க?" என்றாள் மேகலா.

அது நல்ல யோசனை. அதனாலேயே ஜோதிமணி அதைக் கேட்கவில்லை. மூன்று வருடமாகச் சேர்த்த பெயர் ஒரு குடையில் ஒழுகிப் போவதா? எழுந்து உட்கார்ந்து, கர்நாடகாவில் ஓடும் படம் ஒன்பது நிமிடம் அதிகம், இங்கே வெட்டிவிட்டார்கள் என்று எழுதினாள்.

ரசிகர்கள் கொதித்தார்கள். 'குடையைக் கொடு' என்று ஒரு கூச்சல் கிளம்பியது. அன்று இரவே தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வேன் பிடித்து அத்திப்பள்ளிக்கு வந்து, எப்படியோ உள்ளே நுழைந்து பார்த்துவிட்டு, அங்கேயும் குடை இல்லை என்றார்கள். ஜோதிமணி அசரவில்லை. முதல் ஷோவில் மட்டும்தான் இருந்தது, பிறகு தூக்கிவிட்டார்கள் என்றாள்.

அதற்குப் பலன் உடனே தெரிந்தது. ஐந்து மணி ஷோ பார்த்ததாகச் சொன்ன நாற்பத்தெட்டுப் பேர் விடிவதற்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு ஆனார்கள்.

"அந்தத் தியேட்டர்ல மொத்தமே எரநூத்தி எம்பது சீட்டுதான்டி" என்றாள் மேகலா.

சனிக்கிழமை காலை டீ நேரத்தில் இன்னொரு இடி. குருமூர்த்தி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு லைன் ஆட்களுக்குக் குடை சீனை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை அவர் பதினொன்றரைக்குத்தான் கம்பெனிக்கு வந்தார் என்றும், கஸ்டமரைப் பார்க்கப் போனதாக மேலே சொன்னார் என்றும் மேகலா காதைக் கடித்தாள்.

"கண்ணால பாத்தவன் சொல்றேன்" என்றார் குருமூர்த்தி. "கறுப்புக் குடை. அதுல ஒரு கம்பி இப்படி வளஞ்சிருக்கும். அந்த வளஞ்ச கம்பிலதாம்பா டைரக்டர் நிக்கிறான்."

ஜோதிமணி டீயைக் கீழே வைத்தாள். வளைந்த கம்பியை அவள் எங்கேயும் எழுதவில்லை. மேகலாவிடம்கூடச் சொல்லவில்லை. இந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது? அப்படியென்றால் படத்தில் நிஜமாகவே குடை இருக்கிறதா? ஒருவேளை தான்தான் படம் பார்த்துவிட்டு, காய்ச்சலில் மறந்துவிட்டோமா? நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சுட்டது போலத்தான் இருந்தது.

சாயங்காலம் படத்தின் டைரக்டர் ஒரு பேட்டியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் குடைக் காட்சியை வெட்டியபோது தன் கையையே வெட்டியதுபோல இருந்தது என்றார். ஜோதிமணிக்குச் சந்தேகமே போய்விட்டது. சீன் இருக்கிறது. பார்க்காமலே சரியாக எழுதியிருக்கிறாள். இதற்குப் பெயர் தெய்வ அருள் இல்லாமல் வேறென்ன?

ஆனால் தெய்வம் கொடுத்ததைப் பர்கூர் பையன் விடுவானா? மன்றத்துக்காரர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு, ஐந்து மணி ஷோ பார்த்த எல்லோரும் குடையோடு அத்திப்பள்ளி தியேட்டர் முன்னால் கூடி நியாயம் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதற்கு அவன் ஒரு வரி சேர்த்தான்: "ஜன்னல் நேர்ல வரலன்னா, படமே பாக்கலன்னு அர்த்தம்."

போகாவிட்டால் மூன்று வருடப் பெயர் போகும். போனால் குருமூர்த்தியும் அங்கே இருப்பார். காய்ச்சல் என்று படுத்தவள் ஐந்து மணி ஷோவில் அழுதவள் என்று தெரிந்தால் பர்மனென்ட் போகும். ஜோதிமணி மாஸ்க் போட்டுக்கொண்டாள். துப்பட்டாவால் தலையைச் சுற்றிக்கொண்டாள். மேகலாவைத் துணைக்கு இழுத்துக்கொண்டு, அறையில் இருந்த ஒரே குடையோடு பஸ் ஏறினாள்.

தியேட்டர் வாசலில் ஒரே கறுப்புக் குடைக் காடு. வெயில் மண்டையைப் பிளந்தது. ஜோதிமணி ஓரமாகக் குடையை விரித்த பிறகுதான் அது ஆயுதபூஜைக்குக் கம்பெனியில் கொடுத்த குடை என்பது ஞாபகம் வந்தது. கம்பெனிப் பெயர் முழ நீளத்துக்குச் சிவப்பில் இருந்தது. அந்தக் காட்டில் அதே சிவப்பு எழுத்தோடு இன்னொரு குடையும் இருந்தது. அது நேராக அவளை நோக்கி வந்தது.

"காய்ச்சல் எப்படிம்மா இருக்கு?" என்றார் குருமூர்த்தி.

மாஸ்க்கைக் கீழே இறக்கினாள். இனி என்ன மறைப்பது?

"பரவால்ல சார். கஸ்டமர் எப்படி சார் இருக்காங்க?"

குருமூர்த்தி சுற்றும் முற்றும் பார்த்தார். குரல் இறங்கியது.

"நீதானா அந்த ஜன்னல்?"

"ஆமா சார். நீங்கதானா முதல்வரிசை மூர்த்தி?"

குருமூர்த்தி கொஞ்சம் குனிந்து, மிகவும் கவலையாகக் கேட்டார். "நான் எந்திரிச்சு நின்னு கை தட்டுனத நீ பாத்தியாம்மா?"

ஜோதிமணி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் மேஜையில் இருக்கும் பேப்பரையும் நினைத்துப் பார்த்தாள்.

"பாத்தேன் சார். நல்லா தட்டுனீங்க."

குருமூர்த்தியின் முகம் மலர்ந்தது. "நீ தேம்பித் தேம்பி அழுதத நானும் பாத்தேன். நாளைக்கு வந்து பேப்பர வாங்கிக்கம்மா" என்றார்.

மேகலா வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

அதற்குள் கூட்டம், குடையைக் கொடு என்று கேட்டைத் தட்ட ஆரம்பித்திருந்தது. அப்படி ஒரு சீன் ஓடியதா இல்லையா, படத்தை ஓட்டியவரே வந்து சொல்லட்டும் என்றார்கள் மன்றத்துக்காரர்கள். பயந்துபோன மேனேஜர் கேட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "நாராயணப்பா, ஸ்வல்ப பாப்பா" என்று உள்ளே பார்த்து, கொஞ்சம் வரும்படி கன்னடத்தில் கூப்பிட்டார்.

படி இறங்கி ஒருவர் வந்தார். இடுப்பில் சாவிக்கொத்து. நடக்கும்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஜோதிமணியின் குடை மெல்லத் தாழ்ந்தது. திரும்பினால், குருமூர்த்தியின் குடையும் தாழ்ந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் இன்னும் நாலைந்து குடைகள்கூட ஏனோ சட்டென்று தாழ்ந்தன.

வெள்ளிக்கிழமை ஐந்து மணி ஷோவை நாங்கள் முந்நூறு பேரும் கண்ணால் பார்த்தோம், குடை சீனை எங்கே ஒளித்து வைத்தீர்கள் என்று முன்னால் நின்ற ஒருவன் கேட்டான். பெரியவர் அவனைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், ஆசையாக ஒரு படி கீழே இறங்கி வந்தார்.

"ஆபரேட்டரு நான்தானுங்களே. அன்னிக்கு லாரி ஜாம்ல பஸ்ஸுக்குள்ளயே மாட்டிக்கினு, கையில இருந்த ஒரு கம்பி வளஞ்ச குடையையும் பூக்கார அம்மாவுக்குக் குடுத்துட்டு, பதினொண்ணேகாலுக்குத்தான் வந்து தியேட்டரையே தொறந்தேன். அஞ்சு மணிக்கு நீங்கல்லாம் பாத்த படம் எப்படிங்க இருந்துச்சு, சொல்லுங்களேன்?"